வெள்ளவத்தைக் கொப்பிக் கடை: மெஷினுக்கு முழு மார்க்ஸ், நியாயத்துக்கு ஆளைப் பாத்து மார்க்ஸ்

முதலே சொல்லிப்போடுறன், கடையின்ர பேரும் ஒழுங்கையின்ர பேரும் போடேல்ல, ஏனெண்டு வாசிச்சுக்கொண்டு போக உங்களுக்கே விளங்கும். கொழும்பு வெள்ளவத்தையில, காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒழுங்கையள் ஒண்டில இருக்கு, ரீலோட் போஸ்டர் ஒட்டின கண்ணாடிக் கதவு, உள்ளுக்குப் போனா ரெண்டு பெரிய ஃபோட்டோகொப்பி மெஷின், ஒரு கலர் பிரிண்டர், ஸ்பைரல் பைண்டிங், லமினேட்டிங், ரெண்டு கம்பியூட்டர், பிறகு மூலையில தனிய ஒரு பழைய கம்பியூட்டர், அதுதான் படம் ஏத்திற கம்பியூட்டர். முந்தி இது டிவிடி கடை. ஒரு டிஸ்கில நாலு படம், கவரும் கலர் ஃபோட்டோகொப்பி, ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. டிவிடி செத்தாப்பிறகு முதலாளி அண்ணை மெஷின் வாங்கிப் போட்டு இப்ப கொப்பி, பிரிண்ட், பென் ட்ரைவில படம், லப்டொப்புக்கு விண்டோஸ் எண்டு எல்லாம் செய்யிறார். சுருக்கமாச் சொன்னா ஒரு பொருளில இருந்து இன்னொரு பொருளை எடுக்கிறதுதான் அங்க முழு வியாபாரமும், அதால இந்த ரிவியூவில வேலையின்ர தரத்தை மட்டும் எழுதிப்போட்டுப் போகேலாது, எதை எடுக்கிறார் ஆர்ட்ட இருந்து எடுக்கிறார் எண்டதையும் எழுதத்தான் வேணும்.

சாதாரண ஃபோட்டோகொப்பி வேலைக்கு இந்தப் பக்கத்தில இதைவிட நல்ல கடை இல்லை எண்டு துணிஞ்சு சொல்லுவன். கறுப்புக் கோடு விழாது, ஓரம் வெட்டுப்படாது, அடையாள அட்டை கொப்பி எடுத்தா முகம் முகமா இருக்கும். பக்கம் 10 ரூபா, கூட எடுத்தா 7 ரூபாக்கு இறங்குவார், நீங்க பேரம் பேசத் தேவையில்லை. 2022ல பேப்பர் இல்லாம மேல்மாகாணத்தில தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டவங்கள் எல்லோ, அந்த நேரம் சில கடையள் வாய்க்கு வந்த விலை சொல்ல, இவர் ஏத்தினது ஏத்தினதுதான் ஆனா பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு வேற விலை வச்சிருந்தார், அது நான் கண்ணால கண்டது. ஹட்டன் பக்கத்துப் பெடியன் ஒருத்தர் வேலைக்கு நிக்கிறார், நல்ல பொறுமை, வயசு போன ஆக்கள் வாட்ஸ்அப்பில வந்த பேப்பரை எப்பிடி அனுப்பிறதெண்டு தெரியாம நிண்டா ஃபோனை வாங்கி அவரே செய்து குடுப்பார்.

பாடப்புத்தகம் துலைஞ்ச பிள்ளையளுக்கும் இது நல்ல இடம். அரசாங்கம் 1980ல இருந்து பாடப்புத்தகத்தைச் சும்மா குடுக்குது, இப்ப கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின்ர சைட்டில பிடிஎஃப்பாவும் கிடக்கு, இவர் அதை இறக்கி பிரிண்ட் காசு மட்டும் எடுத்துக் குடுப்பார், "பிடிஎஃப்க்குத் தனிக் காசு" எண்டு ஏமாத்திற கடையளும் இருக்கு, இவர் அப்பிடி இல்லை. பாஸ்ட் பேப்பரும் அதே மாதிரித்தான். இது வரைக்கும் ஒரு குறையும் இல்லை, அஞ்சுக்கு அஞ்சு.

இனி முழுப் புத்தகம்.

கவுண்டருக்குப் பின்னால ஒரு இறாக்கை இருக்கு, அதில ஸ்பைரல் போட்ட புத்தகங்கள் அடுக்கிக் கிடக்கும், கம்பஸ் பிள்ளையளின்ர மெடிக்கல் புத்தகம், அக்கவுண்டிங் புத்தகம், இங்லிஷ் கிராமர். உதுகளுக்கு நான் பெரிசாக் கோபிக்க மாட்டன். சட்டம் என்ன சொல்லுதெண்டு தெரியும், எங்கட 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், தனி ஆள் தன்ர சொந்தப் பாவனைக்கு ஒரு கொப்பி எடுக்க விடுது, ஆனா ஒரு புத்தகம் முழுக்கவோ பெரும் பகுதியோ ஃபோட்டோகொப்பி அடிக்கிறதுக்கு அந்தச் சலுகை இல்லை எண்டும் அதிலயே எழுதியிருக்கு. வேணுமெண்டே மீறினா 5 லட்சம் ரூபா வரைக்கும் தண்டம், இல்லாட்டி 6 மாதம் வரைக்கும் மறியல், ரெண்டும் சேத்தும் குடுக்கலாம். ஆனா ஒரு முதலாம் வருசப் பிள்ளை அப்பாவின்ர ஒரு மாதச் சம்பளத்தில பாதியைக் குடுத்து ஒரு புத்தகம் வாங்கோணும் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது, லைப்ரரியில ரெண்டு கொப்பி, வகுப்பில இருநூறு பேர், அதுகள் எங்க போறது.

இந்தியாவில இதே மாதிரி ஒரு கடை கோட்டுக்கே போனது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில, டெல்லி ஸ்கூல் ஒஃப் இகனொமிக்ஸ் வளவுக்குள்ள இருந்த ரமேஷ்வரி ஃபோட்டோகொப்பி எண்ட சின்னக் கடை. பாடத்துக்குத் தேவையான பகுதியளை வேற வேற புத்தகங்களில இருந்து எடுத்துக் கட்டிக் குடுத்ததுக்காக ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் எண்ட மூண்டு பதிப்புக் கொம்பனியளும் சேந்து 2012ல வழக்குப் போட்டினம். 2016 செப்டெம்பரில டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்துது, பதிப்புரிமை எண்டுறது கடவுள் குடுத்த உரிமையோ இயற்கையா வந்த உரிமையோ இல்லை எண்ட கருத்தில நீதிபதி எழுதினார், அப்பீலுக்குப் போன கொம்பனியளே 2017ல வழக்கை விட்டுட்டுப் போட்டினம். அது அவையின்ர சட்டம், கல்விக்கு அங்க விட்டிருக்கிற வாசல் பெரிசு, எங்கட சட்டத்தில வகுப்பில படிப்பிக்க சின்னப் பகுதியளைத்தான் எடுக்கலாம், அதுவும் லாபத்துக்கு நடத்தாத இடமா இருக்கோணும், ரியூஷன் கொட்டிலுக்கு அது பொருந்தாது. இந்த அண்ணைக்கு அந்த டெல்லிக் கதை நல்லாத் தெரியும், ஆரோ கம்பஸ் பெடியன் சொல்லிக் குடுத்திருக்கிறான், கேட்டா உடன "இந்தியாவில கோட்டே சொல்லிப்போட்டுது தம்பி" எண்டு தொடங்கிவிடுவார். அங்க நடந்தது பாடப் பகுதியளைப் பற்றின வழக்கு, இங்க நடக்கிறது அட்டையில இருந்து அட்டை வரைக்கும்.

என்னை உண்மையிலேயே கடுப்பாக்கினது வேற. அதே இறாக்கையில ஒரு உள்ளூர்ப் புத்தகம் கிடந்துது. ஓய்வெடுத்த ஒரு மாஸ்டர் எழுதினது, ஏ எல் எண்டுற உயர்தரத்தில தமிழ் செய்யிற பிள்ளையளுக்கு நல்லா உதவுற புத்தகம், நான்தான் பக்கம் அமைச்சுக் குடுத்தனான் அதுக்கு, அதுதான் என்ர தொழில், அதால அந்தப் புத்தகத்தின்ர கணக்கு எனக்கு வரி வரியாத் தெரியும். 300 கொப்பி அடிச்சது, சொந்தக் காசு. இங்க தமிழ்ப் புத்தகம் அப்பிடித்தான் வரும், பதிப்பாளர் எண்டு ஒருத்தர் காசு போடுறது அருமை, எழுதினவரே அச்சடிச்சு, தமிழ்ச் சங்க மண்டபத்தில வெளியீடு வச்சு, முதற்பிரதியை ஒரு வர்த்தகப் பெருமகனுக்குக் குடுத்து, வந்த சனம் என்வலப்பில வச்சுக் குடுக்கிற காசில அச்சுக் கூலி பாதியாவது வந்தா அதிர்ஷ்டம். மிச்சத்தைப் புத்தகக் கடையில போட்டா கடைக்கழிவு 30, 40 வீதம் போகும், விக்க விக்கத்தான் காசு வரும்.

புத்தகத்தின்ர விலை 900 ரூபா. இப்ப கொப்பிக் கணக்கைப் பாருங்கோ: 180 பக்கம், ஒரு ஏ4 பக்கத்தில புத்தகத்தின்ர ரெண்டு பக்கம் அடங்கும், அப்ப 90 பக்கம், 7 ரூபாப்படி 630, ஸ்பைரலுக்கு 150, மொத்தம் 780. ஒரிஜினலை விட 120 ரூபாதான் குறைவு! அந்த மெடிக்கல் புத்தகத்தில பல ஆயிரம் மிச்சம் பிடிக்கிற பிள்ளையின்ர நியாயம் இங்க செல்லாது. 120 ரூபாக்காக ஒருத்தரும் இதைச் செய்யேல்ல, புத்தகம் கடையில இல்லை எண்டபடியாத்தான் செய்யினம். அப்ப ஏன் இல்லை?

நான் அண்ணையிட்டயே கேட்டன், "அண்ணை, இந்த மாஸ்டரின்ர ஃபோன் நம்பர் பின் அட்டையிலேயே கிடக்கு, ஒருக்கா எடுத்துக் கதைக்கலாமே".

"தம்பி, புத்தகக் கடையளில முடிஞ்சுதாம், சோதினை வருது, பிள்ளையள் வந்து நிக்குதுகள். நான் இல்லையெண்டா அடுத்த கடையில எடுக்குங்கள், அவன் எழுத்துத் தெரியாம அடிச்சுக் குடுப்பான். லைப்ரரி எரிஞ்ச சனமடாப்பா நாங்கள், எங்களுக்குக் கொப்பி எடுக்கிறது புண்ணியம்."

இந்தக் கடைசி வசனத்துக்கு நான் உண்மையில கொஞ்ச நேரம் பதில் சொல்லேல்ல, ஏனெண்டா அதில பாதி சரி. 1981ல யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியேக்க கிட்டத்தட்ட 97,000 புத்தகம் போச்சு, ஒரேயொரு கொப்பியா இருந்த ஓலைச்சுவடியளும் அதில போச்சு, ரெண்டாவது கொப்பி எங்கயாவது இருந்திருந்தா எண்டு இண்டைக்கும் நினைக்கிறம். அந்த நினைப்பில இருந்துதான் 2005ல நூலகம் திட்டம் தொடங்கினது, எங்கட புத்தகம், பத்திரிகை, சஞ்சிகை எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஆரும் சும்மா வாசிக்கப் போட்டிருக்கினம், நான் வேலைக்காக அடிக்கடி போற இடம் அது. ஆனா அவை எழுத்தாளரிட்டயோ குடும்பத்திட்டயோ அனுமதி கேக்கினம், கல்லாப்பெட்டியில 780 ரூபா போடுறதும் இல்லை. எரிஞ்ச நூலகத்தைச் சொல்லி உயிரோட பம்பலப்பிட்டியில இருக்கிற ஒரு மாஸ்டரின்ர பங்கை எடுக்கேலாது. விபுலானந்த அடிகளின்ர எழுத்தை அண்ணை தாராளமா அடிக்கட்டும், அவர் 1947ல போனவர், எழுதினவர் செத்து 70 வருசம் எண்ட கணக்கு எப்பவோ முடிஞ்சுது. நாவலர் 1879. அதுகளை எல்லாம் கொப்பி எடுக்கச் சொல்லி ஆரும் இறாக்கையில கேக்கிறது இல்லை, அது வேற பிரச்சினை.

மாஸ்டருக்கு இதைச் சொன்னனான். அவர் சிரிச்சுப்போட்டு "வாசிக்கினம் தானே தம்பி, காரியமில்லை" எண்டார். பெரிய மனுசன். ஆனா கதைச்சுக்கொண்டு போக விளங்கிச்சுது, அவர் ரெண்டாம் பதிப்பு அடிக்கிற யோசினையை விட்டுட்டார், "300 போனதே பெரிய விசயம், இனி ஆர் வாங்கப் போகினம்" எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறார்! ஒழுங்கைக்குள்ள ஒரு மெஷின் அவர்ட புத்தகத்தைக் கிழமைக்குக் கிழமை அடிச்சுத் தள்ளுது, அவருக்கு அந்த எண்ணிக்கை தெரியாது, புத்தகக் கடைக்கும் தெரியாது. காசு போனதைவிட இதுதான் எனக்குப் பெரிய நட்டமாப் படுது. ரெண்டாம் பதிப்பு வராதபடியா புத்தகம் கிடைக்காது, கிடைக்காதபடியா கொப்பி, கொப்பியின்ர கணக்கு ஆருக்கும் தெரியாதபடியா ரெண்டாம் பதிப்பு வராது. ஹொலிவூட் கொம்பனிக்கு உலகம் முழுக்க எத்தினை பேர் திருட்டுக் கொப்பி பாக்கினம் எண்டு எண்ணிச் சொல்ல ஆக்கள் இருக்கினம், 300 கொப்பி அடிக்கிற மனுசனுக்கு ஆர் இருக்கினம்.

இப்ப பகிடிக்கு வாறன். அதே இறாக்கைக்கு மேல, லமினேட் பண்ணி, பெரிய எழுத்தில ஒரு போட்: இன்ன சேரின்ர ரியூட் இங்க கொப்பி எடுத்துத் தரப்படமாட்டாது. ரியூட் எண்டா ரியூஷனில குடுக்கிற அச்சடிச்ச நோட்ஸ். நான் அதிசயப்பட்டுப் போனன், என்னடா இந்தக் கடையில பதிப்புரிமையோ எண்டு. கேட்டா, அந்த ரியூஷன் சேர் நேர வந்து சத்தம் போட்டவராம், இனி என்ர பிள்ளையள் ஒருத்தரும் உம்மட கடைக்கு வராயினம் எண்டும் சொன்னவராம், ஒரு பட்சுக்கு எத்தினை நூறு பிள்ளையள் எண்டு உங்களுக்குத் தெரியும் தானே. அண்டைக்கே போட் ஏறிச்சுது. இன்னும் பகிடி என்னெண்டா அந்த ரியூட்டைத் திறந்து பாத்தா பாதி பாஸ்ட் பேப்பர், மீதி இந்தியக் கைட் புத்தகத்தில இருந்து அப்பிடியே தூக்கினது, பிழையள் கூட அப்பிடியே இருக்கு.

அப்ப இந்தக் கடையின்ர சட்டம் இதுதான்: ஆர் வந்து கவுண்டரில தட்டிக் கத்தக்கூடியவரோ அவருக்கு உரிமை உண்டு. அமெரிக்கக் கொம்பனி வராது, சென்னைத் தயாரிப்பாளர் வரார், மாஸ்டர் வந்தாலும் கத்தார். எழுத்தாளர் தன்ர உரிமையை எங்கயும் பதிஞ்சு வச்சிருக்கத் தேவையில்லை, எழுதின உடனேயே அது அவருக்கு வந்துடும் எண்டுதான் சட்டம், ஆனா அந்த உரிமையைக் கேட்டு வாங்கிறதெண்டா லோயர், கோடு, தவணை, அந்தச் செலவுக்கு இன்னும் ரெண்டு புத்தகம் அடிக்கலாம்.

படத்துக்கு வாறன், இதை இழுக்க மாட்டன். பென் ட்ரைவ் கொண்டு போனா படம் ஒண்டுக்கு 50 ரூபா, சீரிஸ் முழுக்க எண்டா பேசி எடுக்கலாம், தமிழ், மலையாளம், கொரியன் எண்டு போல்டர் போல்டரா வடிவா அடுக்கி வச்சிருக்கிறார், உண்மையைச் சொன்னா சில பெரிய ஆப்பை விட தேட லேசு. காசு கட்டிப் பாக்கிற வழி இல்லையோ எண்டா இருக்கு, நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில இருந்து இங்க கிடைக்குது, ஸ்பொட்டிஃபை 2021ல வந்துது. ஆனா நெட்ஃபிளிக்ஸ் டொலர் கணக்கு, 2022ல டொலர் 200ல இருந்து 360 பக்கம் பாய்ஞ்சோடன எத்தினை வீட்டில முதல் வெட்டினது அதைத்தான். சில இந்திய ஆப்புகளுக்கு கார்டைக் கையில வச்சுக்கொண்டு நிண்டாலும் உங்கட நாட்டில இல்லை எண்டு கதவைச் சாத்துது. விக்க மாட்டன் எண்டு சொல்லுற பொருளைக் களவெடுத்திட்டினம் எண்டு அழுகிறதில எனக்கு அவ்வளவு இரக்கம் வாறதில்லை, அது என்ர கருத்து, நீங்க சண்டைக்கு வரலாம்.

ஆனா தியேட்டரில ஓடிக்கொண்டிருக்கிற படத்தின்ர கேம் பிரிண்ட் வேற விசயம். வெள்ளிக்கிழமை சவோயில ஓடத் தொடங்கினா சனிக்கிழமை இங்க போல்டரில கிடக்கும், முன் சீட்டுக்காரன்ர தலையும் பொப்கோர்ன் சத்தமும் சேத்து. இது கிடைக்காத பொருள் இல்லை, பத்து நிமிசம் நடந்தா கிடைக்கிற பொருள். இந்தியாவில 2023ல சட்டத்தைத் திருத்தி இப்பிடித் தியேட்டரில ரெக்கோர்ட் பண்ணுறவைக்கு 3 மாதத்தில இருந்து 3 வருசம் வரைக்கும் சிறை, படச் செலவில 5 வீதம் வரைக்கும் தண்டம் எண்டு வச்சும் நிண்டபாடில்லை. தரமும் கேவலம், எடுக்காதேங்கோ. இன்னொண்டு, அந்தக் கம்பியூட்டரில 'உள்ளூர்' எண்டு ஒரு போல்டர் இருக்கு. எங்கட பெடியள் கடன்பட்டு எடுத்து, ஹோல் வாடகைக்கு எடுத்து நாலு ஷோ போட்டுக் காசு தேடுற படங்கள். அதுக்கும் அதே 50 ரூபா. அந்தப் போல்டரைக் கண்டபிறகு மற்றப் போல்டரில இருந்து எடுக்கவும் எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கு.

லப்டொப் வேலை: வேண்டாம். கிராக் விண்டோஸ், கிராக் ஒஃபிஸ் போட்டு ஆயிரத்தைஞ்நூறு எடுப்பார், போடேக்க அன்டிவைரஸை நிப்பாட்டிப்போட்டுத்தான் போடுவார், திருப்பிப் போடுறாரோ தெரியாது. விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட மைக்ரோசொஃப்ட் வழமையாக் குடுத்த அப்டேட்டும் நிண்டுபோச்சு, இவர் இன்னும் அதைத்தான் ஏத்துறார். திருட்டு சொஃப்ட்வெயர் எண்டு தெரிஞ்சுகொண்டு தொழில் லாபத்துக்குப் பாவிச்சா பாவிச்ச ஆளும் எங்கட சட்டத்தில குற்றவாளி, போட்டுக் குடுத்தவர் மட்டுமில்லை. கடிதம் அடிக்கிறதுக்கும் பிள்ளையின்ர அசைன்மென்ட்டுக்கும் லிப்ரே ஒஃபிஸ் சும்மா கிடைக்குது, நான் அதிலயே புத்தகம் அமைச்சிருக்கிறன், பாமினி எண்ட பழைய எழுத்துருவை விட்டு யூனிகோடுக்கு வந்தா ஒரு கரைச்சலும் இல்லை. அண்ணையிட்டக் கேட்டா அதையும் போட்டுக் குடுப்பார், நீங்கதான் கேக்கோணும்.

மற்றது பிரிண்ட் எடுக்க அனுப்புற ஃபைல்கள் எல்லாம் அங்க டெஸ்க்டொப்பிலேயே கிடக்குது, ஆற்றையோ பிறப்புச் சாட்சிப்பத்திரம், ஆற்றையோ பாங்க் ஸ்டேட்மென்ட். வேலை முடிஞ்சோடன முன்னால நிண்டு அழிப்பிச்சுப்போட்டு வாங்கோ, பெடியன் முகம் சுழிக்காமச் செய்வார்.

கடைசியாப் போனபோது அண்ணையிட்ட ஒரு யோசினை சொன்னன். மாஸ்டரின்ர புத்தகத்தை 900க்கே குடுங்கோ, 780 உங்களுக்கு, 120 அவருக்கு, எத்தினை போகுதெண்டு ஒரு கணக்குக் கொப்பியில எழுதி வையுங்கோ, மாஸ்டரிட்ட நான் கதைக்கிறன், நூறு தாண்டினா அவர் ரெண்டாம் பதிப்பு அடிப்பார், அதை உங்கட கடையிலேயே வச்சு விக்கலாம், கழிவும் வரும். "பாப்பம் தம்பி" எண்டார். மாட்டன் எண்டு சொல்லேல்ல. கணக்கு எழுதுறதெண்டா தான் எழுதுறன் எண்டு பெடியன் சொன்னார்.

மொத்தத்தில அஞ்சுக்கு மூண்டு. கொப்பி, பிரிண்ட், பைண்டிங், லமினேட்டிங்குக்கு தயங்காமப் போங்கோ, பென் ட்ரைவை வீட்டில ஸ்கேன் பண்ணாம லப்டொப்பில குத்தாதேங்கோ. பள்ளிக்கூடம் விடுற நேரத்தில சரியான நெரிசல், காலமை போறது நல்லம், ஞாயிறு மத்தியானத்தோட பூட்டிவிடுவார், கார்ட் எடுக்க மாட்டார், காசு மட்டும்தான். ஏ எல் தமிழ்ப் புத்தகம் தேடி அங்க போற பெற்றோர், கொப்பி கேக்க முதல் பின் அட்டையைத் திருப்பி அந்த நம்பருக்கு ஒரு கோல் எடுங்கோ, மாஸ்டர் ஃபோன் எடுப்பார்.